கத்திக் கிழிசல்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைத் தட்டில் என் பாதியில் மறுபடியும் அவருடைய சவரக் கத்தி, சோப்பு நுரை வழியும் பிரஷ், பல்செட் டப்பா. நடுவில் நான் ஒட்டி வைத்திருந்த வெள்ளை டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார். நேற்று மாலை வரை இருந்தது.

சம்பந்தி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மரக்கடையை விற்றதும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் வீடு என்றால் என் மகளும் அவள் கணவனும் இருக்கும் வீடு. நான் அதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறேன். இருவருக்கும் மனைவி இல்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு குளியலறை.

டேப் விஷயத்தை மகளிடம் சொன்னேன். "அப்பா, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க. நான் ஆபீஸுக்குப் போகணும்" என்றாள்.

கூடத்திலிருந்து அவர் குரல்: "என்ன சம்பந்தி, மேலிடத்துல புகார் குடுத்தாச்சா?"

  புதிய டேப் ஒட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

விடிந்ததும் டிவி. முழுச் சத்தம். எழுந்து போய்க் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லவும் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பத்திரிகை படித்தேன். குறுக்கெழுத்தை அவர் ஏற்கெனவே பேனாவால் தப்பும் தவறுமாக நிரப்பியிருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அவருடைய இரத்தப் பரிசோதனை வந்தது. போன மாதம் நெஞ்சு வலி என்று தொடை வழியே குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஓர் அடைப்பு இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி குழாய் விட்டு ஸ்டென்ட் வைக்கலாம் என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தார். இடையில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே வருகிறது. கிரியேட்டினின் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. ஒரேயடியாக ஏறவில்லை, படிப்படியாக. சிறுநீரக மருத்துவர் செவ்வாய்க்கிழமை ஊசியால் திசு எடுத்துப் பயாப்சி செய்யப்போகிறார்.

சாப்பிடும்போது மருமகன் கேட்டார்: "மாமா, உங்க துறைதானே. என்னவா இருக்கும்?"

"பல காரணம் இருக்கலாம்" என்றேன்.

சம்பந்தி தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். "கேட்டியாடா? நாப்பது வருஷம் அடுத்தவன் மூத்திரத்தைப் பாத்த ஆளு. இருக்கலாமாம்! என் கடையில ஒருத்தன் வந்து இது தேக்கானு கேட்டா, தேக்கா இருக்கலாம்னு சொல்லியிருந்தா நான் என்னிக்கோ தெருவுக்கு வந்திருப்பேன்."

நான் பார்த்தது மூத்திரம் அல்ல. சிறுநீரகத் திசு. மூத்திர டாக்டர் என்று இவர் வைத்த பெயர் இப்போது பக்கத்து வீடுவரை பரவிவிட்டது. ஆய்வகத்திலும் எனக்குப் பெயர் உண்டு, "இருக்கலாம் சார்". என் அறிக்கைகள் அந்தச் சொல்லில்தான் முடியும். இவருக்கு அது தெரியாது. தெரியாமலே பிடித்துவிட்டார்.

மனத்தில் தோன்றியதை எழுதிவிடுகிறேன், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. இவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் குளியலறை முழுதும் எனக்கு.

மார்ச் 11, செவ்வாய்

ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் நான்கு நாள் ஆய்வகம் போகிறேன். பயாப்சி ஸ்லைடுகளை முதலில் நான் பார்த்து, எத்தனை முடிச்சுகள், எதில் என்ன என்று குறித்துவைப்பேன். கையெழுத்து தலைமை மருத்துவர் மேடத்தினுடையது.

மாலைத் தட்டில் ஒன்று அவருடையது. பெயர் இல்லை, எண்தான். ஆனால் வயது, பயாப்சி ஊசி போட்ட நேரம், "ஆஞ்சியோகிராம் முடிந்து ஐந்து வாரம்" என்ற குறிப்பு — வேறு யார்? சொந்தக்காரர் ஸ்லைடை நாம் தொடக் கூடாது. தட்டைத் தள்ளி வைத்தேன். பிறகு பார்த்தேன்.

சிறுநீரகத்துக்குள் இரத்தத்தை வடிகட்டுபவை நூல்கண்டு போலச் சுருண்ட நுண்குழாய் முடிச்சுகள். அவருடையதில் பதினான்கு இருந்தன. பெரும்பாலானவை சுருங்கி, இரத்தம் எட்டாதவை போல வாடிக் கிடந்தன. இரண்டில் பிறை. முடிச்சின் ஓரத்தில் செல்கள் பெருகி நிலாப் பிறைபோல அதை ஒரு பக்கம் நெருக்கும். பிறையைப் பார்த்தால் எங்கள் துறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். இரத்தக் குழாய் அழற்சி என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு மருந்து உண்டு, தாமதிக்கக் கூடாது.

ஒரு சின்னத் தமனிக்குள் ஒல்லியான வெற்றுக் கீறல் ஒன்று. இரண்டு முனையும் கூர்மை. உள்ளே எதுவும் இல்லை. குறிப்புத் தாளில் "கத்திக் கிழிசல்" என்று எழுதினேன். திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியைச் சீவும் கத்தியில் பிசிறு இருந்தால் திசு இப்படிக் கிழியும். தினமும் பார்க்கிறோம்.

தட்டை மேடத்தின் மேசையில் வைத்தேன். யாருடையது என்று சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

குழாய் அழற்சி என்று அறிக்கை போய்விட்டது. ஸ்டெராய்டு மாத்திரை இன்றே ஆரம்பம். திங்கள்கிழமை பெரிய மருந்து, ஊசிவழி. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. சிறுநீரகம் நிலைப்பட்டதும் ஸ்டென்ட்.

வீட்டில் நிம்மதி. "மருந்து இருக்கு மாமா, அது போதும்" என்றார் மருமகன். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசிய அவர் அப்பா, "அங்க ஒரு பொம்பள டாக்டர் ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டாங்க. உங்க வீட்டு டாக்டருக்கு இன்னும் இருக்கலாம்தான்" என்றாராம். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று வீடு திரும்பிவிட்டார். இன்று காலை குளியலறைக் கதவைத் தாழிடாமல் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கம்தான். நான் திரும்பிப் போக வேண்டியவன், நின்றுவிட்டேன்.

இடது கால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஊதா நிறம். பாதத்தின் மேல் வலை பின்னியதுபோல் நீலக் கோடுகள்.

"இது எப்போதிலிருந்து?"

"செருப்பு புதுசு. கடிச்சிடுச்சு."

"செருப்பு மேல்பக்கம் கடிக்காது. கொஞ்சம் காலைக் காட்டுங்கள்." குனிந்து பாதத்தைத் தொட்டேன். கணுக்காலுக்குப் பின்னால் நாடி நன்றாகத் துடித்தது. விரல்கள் மட்டும் ஈரத்துணி போல் சில்லென்று இருந்தன.

"டேய், இங்க வந்து பாருடா!" என்று கத்தினார். "உன் மாமனாரு என் காலைப் பிடிச்சிட்டாரு! டேப் ஒட்டின ஆளு, காலைப் பிடிக்கிற அளவுக்கு இறங்கி வந்துட்டாரு!"

மருமகன் வந்து பார்த்தார். மகளும். நான் குனிந்தபடியே இருந்தேன். முழங்கால் உடனே நிமிர விடாது.

மத்தியானம் முழுக்க அந்தக் கீறல்தான் கண்ணில். நாடி நன்றாக இருக்கிறது, நுனி மட்டும் சாகிறது என்றால், பெரிய குழாய் திறந்திருக்கிறது, சிறிய குழாய்களை எதுவோ அடைக்கிறது. ஆஞ்சியோகிராம் குழாய் பெருந்தமனியின் சுவரை உரசிப்போகும். வயதானவர்களுக்கு அந்தச் சுவரில் பழைய கொழுப்பு காறையாகப் படிந்திருக்கும். உரசலில் அது உதிர்ந்தால் இரத்தத்தோடு கீழே போகும் — சிறுநீரகத்துக்கு, கால்விரலுக்கு. கொழுப்புப் படிகங்கள். ஊசி ஊசியாக. இதிலும் அபூர்வமாகப் பிறை வருவதுண்டு.

ஸ்லைடு செய்யும்போது திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்கி எடுக்கிறோம். கொழுப்பு அதில் கரைந்து ஓடிவிடும். படிகம் இருந்த இடத்தில் வெற்றுக் கீறல்தான் மிஞ்சும். இரண்டு முனையும் கூர்மையாக. இத்தனை வருடம் படித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தவன்தான் கத்திக் கிழிசல் என்று எழுதினேன்.

ஒருவேளை அது கிழிசலேதானோ? விரல் ஊதாவைப் பார்த்த பிறகு என் ஞாபகம் அந்தக் கீறலைக் கூர்மையாக்கிக்கொள்கிறதோ?

மார்ச் 15, சனி

மேடத்திடம் போய்ச் சொன்னேன். சொல்ல வேண்டியதை வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். பாதிவரை படித்தேன்.

"சார், இது உங்க சம்பந்தியோட ஸ்லைடா?"

"ஆமாம்."

"உங்க வீட்டு ஆள்னு தெரிஞ்சும் பாத்திருக்கீங்க. என்கிட்ட சொல்லல. இப்ப நாலு நாள் கழிச்சு வந்து, நான் போட்ட ரிப்போர்ட் தப்புங்கறீங்க. உங்க குறிப்புல கிழிசல்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க!"

"தவறாக எழுதியிருக்கலாம்."

"இதான் சார். இந்த வார்த்தைதான்." ஸ்லைடை எடுத்து என் முன்னாலேயே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஒரே ஒரு கீறல். ஒரே ஒரு வெட்டுல. பக்கத்துலயே இன்னொரு இடத்துல நிஜமாவே கத்தி கிழிச்சிருக்கு. ரெண்டு பிறை இருக்கு. இதை வெச்சு மருந்தை நிறுத்தச் சொன்னா, நாளைக்கு அந்த ஆளு கிட்னி போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்களா? கையெழுத்து என்னுது."

அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 16, ஞாயிறு

மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் கணவனிடம் சொன்னாள். சொல்லாமல் இருப்பாள் என்று ஏன் நினைத்தேன்?

மருமகன் என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "மாமா, நீங்க சொல்ற நோய்க்கு மருந்து என்ன?"

"தனி மருந்து கிடையாது. மறுபடி குழாய் விடக் கூடாது. எதிர்ப்பு சக்தியை அடக்கக் கூடாது. சர்க்கரை வேறு இருக்கிறது, காலில் புண் வரப்போகிறது, கிருமி சேர்ந்தால்—"

"அதாவது மருந்து இருக்கற நோய் வேணாம், இல்லாத நோய் வேணும். அப்படித்தானே?"

"நான் விரும்புவதில் என்ன இருக்கிறது?"

"எனக்குத் தெரியாதா மாமா? டேப் ஒட்டி வெச்சிருக்கீங்க பாத்ரூம்ல. அவரு இருந்தா உங்களுக்கு ஆகாது."

மகள் பின்னால் நின்றிருந்தாள். 

சம்பந்தி கூடத்திலிருந்து: "விடுடா. என்னைக் கொல்றதுக்கு மூத்திர டாக்டருக்குத் தில்லு கிடையாது."

யோசித்துப் பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு மருந்து ஏறும். அடுத்த மாதம் குழாய் ஏறும். அவர் போய்ச்சேர்ந்தால் நோய் முற்றிவிட்டது என்பார்கள், என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்தால் மருந்தைப் பிடுங்கியவன் நான். பேசாமல் இருந்தால் நல்லவன், பேசினால் பாவி.

இவர் சாக வேண்டும் என்று விரும்புகிறவனுக்கு எது வசதி? பேசாமலிருப்பதுதான். அப்படியானால் பேச நினைப்பது பகையால் அல்ல. இல்லை, இதுவும் நம்பத்தகுந்ததில்லை. மருமகனைத் தோற்கடிக்கும் ஆசையாகவும் இருக்கலாம்.

இருக்கலாம்! சனியன் பிடித்த வார்த்தை.

ஒரு வழி இருக்கிறது. என் வார்த்தை தேவைப்படாத வழி.

மார்ச் 17, திங்கள்

பயாப்சியில் எல்லாமே மெழுகுக்குப் போவதில்லை. சிறு துண்டு ஒன்றை ஒளிர்சாயச் சோதனைக்காக அப்படியே உறையவைப்போம். அது ஆல்கஹாலையும் சைலீனையும் காண்பதில்லை. படிகம் இருந்தால் அதில் கரையாமல் இருக்கும். மீதித் துண்டு உறைபெட்டியில் இருக்கிறது.

டெக்னீஷியன் பெண் வந்ததும் அவள் மேசைக்குப் போனேன். அவளுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். "திங்கக்கிழமையும் அதுவுமா வராதீங்க சார். முப்பது கட்டி இருக்கு. நீங்க ஆழமா வெட்டு, இன்னும் ஆழமா வெட்டுன்னு சொல்லிச் சொல்லியே என் கத்தி மழுங்கிப்போச்சு."

"சாயம் வேண்டாம். வெட்டி அப்படியே கொடுங்கள்."

"மேடம் கேட்டா?"

"நான் கேட்டேன் என்று சொல்லுங்கள்."

"உங்க பேரைச் சொன்னா அவங்க இன்னும் ரெண்டு திட்டு சேத்துத்தான் திட்டுவாங்க." வெட்டினாள்.

நுண்ணோக்கியில் விளக்குக்கு மேல் ஒரு போலராய்டு வில்லை, கண்ணருகில் ஒன்று. மேலே உள்ளதைத் திருப்பினால் பார்வைப் புலம் முழுதும் இருண்டுவிடும். படிகம் ஏதாவது இருந்தால் அது மட்டும் அந்த இருட்டில் மின்னும்.

முதல் வெட்டில் தமனியே இல்லை. இரண்டாவதில் தமனி இருந்தது, ஒன்றும் மின்னவில்லை. நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு டேப்பைப் பிய்த்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"இன்னும் ஆழமாக."

"துண்டே தீரப்போகுது சார்!"

அடுத்ததில் வில்லையைத் திருப்பினேன். இருட்டு. இருட்டின் நடுவே ஒரு கொத்து, உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போல வெள்ளை வெளேரென்று. வில்லையை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தேன். அணைந்தது, எரிந்தது, அணைந்தது. தூசியாக இருக்குமோ என்று இன்னொரு வெட்டு கேட்டேன். திட்டிக்கொண்டே கொடுத்தாள். அதிலும், அதே தமனியின் அதே இடத்தில்.

மேடம் வந்தார். "என் அனுமதி இல்லாம உறைதுண்டை எடுத்திருக்கீங்க" என்று ஆரம்பித்தவர், நான் எழுந்து நாற்காலியைக் காட்டியதும் உட்கார்ந்து பார்த்தார். வில்லையைத் தானே திருப்பினார். பிறகு மெழுகுக் கட்டியையும் ஆழமாக வெட்டச் சொன்னார். அந்தக் கீறல் அடுத்தடுத்த வெட்டுகளிலும் தொடர்ந்தது. அதைச் சுற்றி ஒரு பெரிய செல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கத்தி கிழித்த இடத்தைச் சுற்றி உடம்பு அப்படிச் செய்யாது. கிழிசல் நடக்கும்போது உடம்பு அங்கே இல்லை.

திருத்திய அறிக்கையைத் தட்டச்சு செய்தவர், கடைசி வரியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "கொழுப்புப் படிக அடைப்பு. இருக்கலாம்னு சேக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

போனை எடுத்துச் சிறுநீரக மருத்துவரிடம் பேசினார். அங்கே சம்பந்திக்கு ஊசி குத்தியாகிவிட்டதாம், மருந்துப் பை இன்னும் மாட்டவில்லையாம்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "நோயைச் சரியாச் சொன்னீங்க சார். ஆனா நாளைலேர்ந்து வர வேணாம். ஸ்லைடு யாருதுன்னு மறைச்ச ஒரு ஆளை நான் பக்கத்துல வெச்சுக்க முடியாது."

"சரி மேடம்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெரிய மருந்து ரத்து. ஸ்டென்ட் ரத்து. இதயத்துக்கு மாத்திரை மட்டும் போதுமாம். இதய மருத்துவர், "ஆஞ்சியோவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க வீட்டுப் பெரியவர் பயமுறுத்தறார்" என்று மருமகனிடம் சொன்னாராம்.

மருமகன் என்னிடம் சொன்ன கடைசி வாக்கியம்: "இருந்த ஒரு மருந்தையும் நிறுத்திட்டீங்க மாமா. சந்தோஷமா?"

மார்ச் 22, சனி

ஆய்வகம் இல்லாத முதல் வாரம். நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் நானும் அவரும். அவர் டிவி, என் பஞ்சு.

ஏப்ரல் 2, புதன்

டயாலிசிஸ் ஆரம்பம். வாரம் மூன்று முறை. மகளுக்கும் மருமகனுக்கும் விடுப்பு இல்லை. நான்தான் கூடப் போகிறேன். கேட்டுப் போகவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அவர், "சவ ஊர்வலத்துக்கு முன்னாடியே வந்துட்டியே" என்றார்.

முதன்முறையாக என்னை "நீ" என்றார். பையனைப் பெற்றவர் பெண்ணைக் கொடுத்தவனிடம் இப்படிப் பேசலாமா? அரை மணி நேரம் மனத்துக்குள் சண்டை போட்டேன். பிறகு அவர் கையில் ஊசி குத்துவதைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்.

ஏப்ரல் 9, புதன்

மூத்திரம் சுத்தமாக நின்றுவிட்டது. மருமகன் நான் இருக்கும் அறைக்குள் வருவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சுண்டுவிரல் கருத்துவிட்டது. வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். புண்ணில் சீழ் இல்லை. அறுவை மருத்துவர் போகிற போக்கில் மருமகனிடம், "அந்த இம்யூனிட்டியை அடக்கற மருந்து ஏறியிருந்தா இந்தக் கால் முழுசா போயிருக்கும், ஆளும் சந்தேகம்தான்" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். மருமகன் என் பக்கம் திரும்பவில்லை. போனைப் பார்த்தார்.

நன்றி எதிர்பார்த்தேனா? இல்லை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்.

சம்பந்திக்கு இது தெரியுமா தெரியவில்லை. மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "எடுத்த விரலை இவரு ஸ்லைடு போட எடுத்துட்டுப் போயிட்டாரா?"

மே 20, செவ்வாய்

குளியலறையிலிருந்து அலறல். ஓடினேன். விழவில்லை. நின்றுகொண்டிருந்தார்.

"வந்துச்சுய்யா."

"என்ன?"

"மூத்திரம்யா மூத்திர டாக்டரே! நாலு சொட்டு!"

டயாலிசிஸில் சொன்னேன். தினமும் அளந்து பார்க்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் குடுவை கொடுத்தார்கள், கோடு போட்டது. "நீயே வெச்சுக்க, உன் தொழில்" என்று என் மடியில் போட்டார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

ஜூன் 6, வெள்ளி

டயாலிசிஸ் வாரம் ஒரு முறை போதுமாம். சில சமயம் இப்படித் திரும்பும். அடைபடாத முடிச்சுகள் மெல்லச் சுமையை ஏற்றுக்கொள்ளும். பதினான்கில் எத்தனை நன்றாக இருந்தன? ஞாபகத்தில் எண்ணிப் பார்க்கிறேன். சரியாக வரவில்லை.

டிவி சத்தம் பழையபடி. இன்று குறைக்கச் சொன்னேன். "முடியாது" என்றார். பரவாயில்லை, சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலை குளியலறைக்குப் போனேன். தட்டில், டேப்புக்கு இந்தப் பக்கம், என் பற்பசைக்கும் என் சீப்புக்கும் நடுவே, அவருடைய குடுவை. நிரம்பியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து கோட்டைப் பார்த்தேன்.

கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். "யோவ், பாத்துட்டியா?"

"பார்த்தேன்."

"எப்படி?"

"நேற்றைவிடக் கூடியிருக்கிறது."

"முணுமுணுக்காத. சத்தமா சொல்லு. உன் மருமகன் கூடத்துல உக்காந்திருக்கான், அவனுக்குக் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன்.

 கூடத்தில் டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது. யார் குறைத்தார்கள் என்று பார்க்கவில்லை. குடுவையைக் கொட்டிக் கழுவி, தட்டில் என் பாதியிலேயே கவிழ்த்து வைத்தேன்.